பிரான்ஸ் கிராமங்களில் கார் இல்லாத சைக்கிள் பாதை: எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி இது: "மே மாதப் பள்ளி விடுமுறையில் பிரான்ஸ் வருகிறோம். பாரிசில் உறவினர் வீடு இருக்கிறது. நான், மனைவி, 11 வயது மகள் மூவரும் ஒரு வாரம் கிராமப்புறத்தில் சைக்கிளில் சுற்ற ஆசைப்படுகிறோம். நாளைக்கு 40 கி.மீ. வரை ஓட்டுவோம். ஆனால் கார், லாரி ஓடும் சாலை வேண்டவே வேண்டாம். எல்லோரும் லுவார் நதிப் பாதையைத்தான் சொல்கிறார்கள். அதுதான் சிறந்ததா? மனைவி சைவம், அதற்கும் ஏதாவது சொல்லுங்கள்."

நேராகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மூவருக்கும் நான் சொல்வது தென்மேற்கே உள்ள போர்தோவில் தொடங்கி கரோன் கால்வாய் வழியாகத் துலூஸ் பக்கம் போகும் பாதை. லுவார் அழகுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நீங்கள் போட்டிருக்கும் நிபந்தனைக்கு அது சரிப்படாது. ஏன் என்று தெரிந்துகொண்டால் மற்ற பாதைகளையும் நீங்களே எடைபோடலாம்.

பிரான்சில் சைக்கிளுக்கென்று பலகை வைத்த வழிகள் இரண்டு வகை. ஒன்று 'வ்வா வெர்த்', பசுமைவழி. 2004-இல் இதைப் போக்குவரத்துச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். மோட்டார் வண்டிக்கு அங்கே இடமில்லை. சைக்கிள், நடப்பவர்கள், ஸ்கேட்டிங் போகிறவர்கள், சில இடங்களில் குதிரை, அவ்வளவுதான். இன்னொன்று 'வெலோரூத்'. நீண்ட தூரத்துக்கு அம்புக்குறி நட்டு வைத்த வழி இது. அதில் பசுமைவழித் துண்டுகளும் வரும், கிராமச் சாலைகளும் வரும், ஊருக்குள் கார்களோடு கலந்து போகும் தெருக்களும் வரும். பெரிய பெயரோடு விளம்பரத்தில் வருபவை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். லுவார் பாதை நெவேர் நகரத்துக்குப் பக்கத்தில் தொடங்கி அட்லாண்டிக் கடல் வரை சுமார் 900 கி.மீ.; கருங்கடல் வரை போகும் யூரோவெலோ 6 வழியின் ஒரு பகுதி அது. நதிக்கரை மேட்டில் அருமையான துண்டுகள் உண்டு. நடுநடுவே சாலையும் உண்டு. பழகியவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை; முதல் தடவை வரும் 11 வயதுப் பெண்ணின் அப்பாவுக்குப் பொருட்டுதான்.

வரைபடத்தில் இவை எல்லாம் ஒரே நிறத்தில் ஒரே கோடாகத் தெரியும். அதை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள். 'பிரான்ஸ் வெலோ தூரிஸ்ம்' இணையதளத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிப்பாதை எது, சாலை எது, தரை எப்படி என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான் ஒரு பாதையைப் பற்றிக் கேள்விப்பட்டால் முதலில் பார்ப்பது அதன் முற்பிறவியை. சைக்கிளுக்காக மட்டும் யாரும் மலையைக் குடைந்து நூறு கிலோமீட்டர் சமதளப் பாதை போட்டுத் தரமாட்டார்கள். பிரான்சில் கார் இல்லாத நீண்ட பாதை இருக்கிறதென்றால் அது பெரும்பாலும் மூடிப்போன ரயில் பாதை, அல்லது கால்வாயில் படகை இழுத்த கரைப்பாதை. எது என்று தெரிந்துவிட்டால் ஏற்றம் எவ்வளவு, நிழல் உண்டா, ஊர் பக்கத்தில் இருக்குமா, மழையில் சேறாகுமா என்பதில் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

ரயில் பாதைகளின் கதை 1879-இல் தொடங்குகிறது. பொதுப்பணி அமைச்சராக இருந்த ஷார்ல் த ஃப்ரெய்சினே, நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் ரயில் போக வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார். சுமார் 8,800 கி.மீ. புதிய பாதைக்குத் திட்டம். லாபம் வருமா என்று அதிகம் யோசிக்காமல் சின்னச் சின்ன ஊர்களுக்கும் தண்டவாளம் போட்டார்கள். பேருந்தும் லாரியும் வந்ததும் அந்தக் கிளைப் பாதைகள்தான் முதலில் மூடப்பட்டன; 1930-களின் கடைசியிலேயே இது வேகமாக நடந்தது. தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள், மண்மேடும் பாலமும் சுரங்கமும் அப்படியே கிடந்தன. நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் ஏற்றம் பொதுவாக மூன்று சதவீதத்துக்குள் இருக்கும். குழந்தைகளுக்கு இதைவிடச் சௌகரியம் கிடையாது. குறை என்னவென்றால், ஸ்டேஷன் பல ஊர்களில் ஊருக்கு வெளியே ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். ஊர் மேட்டில், ஸ்டேஷன் பள்ளத்தில். ரொட்டி வாங்க ஏறித்தான் ஆக வேண்டும்.

கால்வாய் வேறு மாதிரி. குதிரையும் ஆளும் கயிறு கட்டிப் படகை இழுத்த காலத்தில் தண்ணீரை ஒட்டி ஒரு கரைப்பாதை கட்டாயம் வேண்டும். படகுகளுக்கு எஞ்சின் வந்ததும் அந்தப் பாதைக்கு வேலை போய்விட்டது. தண்ணீர் சமமாக நிற்பதால் பாதையும் சமம். படகை ஏற்றி இறக்கும் லாக்கு வரும் இடத்தில் மட்டும் இரண்டு மூன்று மீட்டர் ஏறுவீர்கள். லாக்குக்குப் பக்கத்தில் காவலாளியின் சின்ன வீடு, அதன் சுவரில் அடுத்த லாக்கு எவ்வளவு தூரம் என்ற பலகை. பிள்ளைகள் அந்தப் பலகைகளை எண்ணிக்கொண்டே வருவார்கள். கால்வாயின் குறையையும் சொல்ல வேண்டும்: சில இடங்களில் நேர்க்கோடாகப் போய்க்கொண்டே இருக்கும். இருபது நிமிடம் ஓட்டியும் காட்சி மாறாது.

நான் சொன்ன போர்தோ பாதையில் இந்த இரண்டு பிறவியும் அடுத்தடுத்து வருவதுதான் அதன் சிறப்பு.

போர்தோ நகரத்திலிருந்து ஆற்றங்கரையாக லத்ரென் வரை வந்தால் அங்கிருந்து ரொஜே லபெபி பாதை. 1937-இல் தூர் த ஃப்ரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றவர் லபெபி. பல்சக்கரம் மாற்றும் டிரெய்லியரை அந்தப் பந்தயத்தில் அனுமதித்த முதல் ஆண்டு அது, அவரும் அதை வைத்துத்தான் ஜெயித்தார். அவர் பெயரில் உள்ள இந்தப் பாதை முன்பு சோவ்தெர்-த-கியேன் ஊருக்குப் போன ரயில்; சுமார் 50 கி.மீ., முழுக்கத் தார். ஓடையோரக் காட்டு நிழலில் மெல்ல ஏறிப் பிறகு திராட்சைத் தோட்டங்களுக்குள் போகும். க்ரெயோன் ஊரின் பழைய ஸ்டேஷன் இப்போது சைக்கிள்காரர்களுக்கான இடம். முதல் நாள் அந்த ஊரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஊர்ச் சதுக்கத்தைச் சுற்றிச் சாப்பாட்டுக்கும் வழி இருக்கும். மறுநாள் லா சோவ் ஊரில் இடிந்த மடாலயம் ஒன்றைப் பார்த்துவிட்டு, ஒரு சுரங்கத்தைக் கடந்து, சோவ்தெர் போய்ச் சேரலாம். நான்கு வாயிலும் நடுவில் சதுக்கமுமாக 13-ஆம் நூற்றாண்டில் திட்டம் போட்டுக் கட்டிய ஊர் அது.

அங்கிருந்து லா ரெயோல் வரை சுமார் 15 கி.மீ. மட்டும் தனிப்பாதை இல்லை. இதை மறைக்க விரும்பவில்லை. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்கும் சின்னச் சாலைகள். காலையில் சீக்கிரம் கிளம்பி, மகளை நடுவில் விட்டு, ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாகப் போனால் பயப்பட ஒன்றுமில்லை. லா ரெயோலில் கரோன் ஆற்றைக் கடந்ததும் கால்வாய்க் கரை வந்துவிடும். பிறகு துலூஸ் வரை கார் பக்கத்தில் வராது.

இந்தக் கால்வாய் 193 கி.மீ. நீளம், 53 லாக்குகள். 1856-இல் முழுதாகத் திறந்தார்கள். அதன் தலையெழுத்தைப் பாருங்கள்: அடுத்த ஆண்டே பக்கத்தில் ரயில் வந்துவிட்டது. போதாததற்கு, கால்வாயையே அந்த ரயில் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டார்கள். போட்டியாளன் கையில் சாவியைக் கொடுத்த கதைதான். ஆனால் அன்றைக்குக் கால்வாயைக் கெடுத்த அதே ரயில் இன்று உங்களுக்கு உதவும்: அஜான், முவாசாக், காஸ்தெல்சாரசான் என்று பாதை நெடுகப் பக்கத்திலேயே ஸ்டேஷன்கள். மழை பிடித்துக்கொண்டாலோ மகளுக்கு அலுத்துப்போனாலோ அன்றைய மீதித் தூரத்தை ரயிலில் தாண்டிவிடலாம். குடும்பத்தோடு முதல் பயணம் போகிறவர்களுக்கு இதைத்தான் நான் முதல் காரணமாகச் சொல்வேன், காட்சி அழகையெல்லாம் அப்புறம்தான்.

காட்சிக்கும் குறைவில்லை. அஜானில் கால்வாய் கரோன் ஆற்றையே பாலத்தின் மேல் கடக்கிறது: 539 மீட்டர் நீளம், 23 கல் வளைவுகள். கீழே ஆறு, மேலே படகு, படகுக்குப் பக்கத்தில் நீங்கள். முவாசாக்கில் ஒரு முழு மாலை வையுங்கள். அங்கே மடாலயத்தின் உள்முற்றத்தைச் சுற்றி 1100-ஆம் ஆண்டில் முடித்த தூண்வரிசை இருக்கிறது. 76 தூண்தலைகளிலும் சிற்பம். இந்த ரயில் பாதை போடும்போது மடாலயத்தின் சாப்பாட்டுக் கூடத்தை இடித்துத்தான் வழி எடுத்தார்கள், முற்றம் தப்பியது. ஸ்பெயினில் உள்ள சந்தியாகோ தேவாலயத்துக்கு யாத்திரை போகிறவர்கள் தங்கும் ஊர் என்பதால் குறைந்த செலவில் படுக்கையும் சமையலறையும் உள்ள விடுதி கிடைக்கும்.

மோன்தெக் என்ற இடத்தை மகளுக்காகச் சொல்கிறேன். ஐந்து லாக்குகளில் ஏறி இறங்கும் நேரத்தை மிச்சப்படுத்த 1974-இல் அங்கே ஒரு விசித்திரம் செய்தார்கள். சரிவான கான்கிரீட் தொட்டி, அதன் இரு பக்கமும் ரப்பர் டயர் போட்ட இரண்டு டீசல் எஞ்சின்கள். எஞ்சின்கள் ஒரு பலகையைத் தள்ள, பலகைக்கு முன்னால் ஆப்பு வடிவத்தில் தண்ணீர் தேங்க, அந்தத் தண்ணீரில் மிதந்தபடி படகு மேடேறும். 2009-க்குப் பிறகு ஓடவில்லை. இப்போது பார்வையாளர்களுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். பாதையிலிருந்து இரண்டு எட்டுத்தான்.

துலூஸ் வரை மொத்தம் சுமார் 260 கி.மீ. ஒரு வாரத்தில் முடியும், ஆனால் நெருக்கடியாக இருக்கும். முவாசாக் அல்லது மோன்தெக்கோடு நிறுத்தினால் நிம்மதி. காற்றும் இந்தத் திசைக்கு ஓரளவு சாதகம், மேற்கிலிருந்து அடிப்பதே அதிகம். துலூஸ் நெருங்கும்போது தென்கிழக்கிலிருந்து 'ஒத்தான்' என்ற காற்று அடித்தால் மட்டும் கஷ்டம். அது மனிதர்களைப் பித்துப் பிடிக்க வைக்கும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை.

துலூசுக்கு அப்பால் மத்தியதரைக் கடல் வரை போவது புகழ்பெற்ற மிதி கால்வாய். பியேர்-போல் ரிக்கே முன்னின்று 1666 முதல் 1681 வரை வெட்டியது, 240 கி.மீ.; 1996-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பெயரைக் கேட்டு அதற்கே போக ஆசை வரும். துலூசிலிருந்து சுமார் 50 கி.மீ. வரை பட்டுப் போன்ற தார்ப்பாதை. மாவட்ட எல்லையைத் தாண்டியதும் நிலைமை மாறும்: பல இடங்களில் ஒற்றையடி மண் தடம், பிளேன் மரத்து வேர்கள், மழை பெய்தால் சறுக்கல். கொஞ்சம் கொஞ்சமாகச் சீரமைத்து வருகிறார்கள். கரையில் நின்ற 42,000 பிளேன் மரங்களில் 2006-இல் ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை கொண்டுவந்த மரப்பெட்டிகளோடு பிரான்சுக்குள் வந்த நோய் என்கிறார்கள். மருந்து இல்லை, வெட்டி எரிப்பதுதான் வழி. ஆயிரக்கணக்கில் வெட்டியாயிற்று. புது மரங்கள் வளர்கின்றன, ஆனால் பழைய படங்களில் பார்க்கும் அந்தப் பச்சைக் கூரை பல மைல்களுக்கு இன்று இல்லை. மலைப்பாதை டயர் உள்ளவர்கள் போகட்டும். உங்களுக்கு இந்தத் தடவை வேண்டாம்.

தெற்கு வேண்டாம், பாரிசுக்குப் பக்கத்தில் வேண்டும் என்றால் பர்கண்டி வட்டாரம். நாட்டின் முதல் பசுமைவழி 1997-இல் அங்கேதான் திறந்தது: ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை 44 கி.மீ., பழைய ரயில் பாதை. இப்போது ஷலோனிலிருந்து மாகோன் பக்கம் வரை நீட்டிவிட்டார்கள். ஜிவ்ரி, புசி என்று ஒயின் லேபிளில் பார்க்கும் பெயர்களெல்லாம் வழியில் ஊர்களாக வரும். கோர்மதானில் அகழி சூழ்ந்த மாளிகை. கொஞ்சம் தள்ளித் தெசே: 1940-இல் தொடங்கிய துறவியர் குழு ஒன்று அங்கே இருக்கிறது, கோடையில் உலகெங்குமிருந்து இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் வந்து கூடாரம் போட்டுத் தங்குவார்கள். க்ளூனியில் 910-இல் நிறுவிய மடாலயம். அதன் தேவாலயம், ரோமில் புனித பேதுரு பேராலயம் எழும் வரை கிறித்தவ உலகத்திலேயே பெரியதாக இருந்தது. புரட்சிக்குப் பிறகு கல்லுக்காக உடைத்து விற்றார்கள், சிலுவை வடிவக் கட்டடத்தில் ஒரு கை மட்டும் மிச்சம்.

க்ளூனிக்குத் தெற்கே புவா க்ளேர் சுரங்கம், 1.6 கி.மீ. விளக்கு உண்டு, ஆனால் உள்ளே வெயில் காலத்திலும் குளிர், ஜாக்கெட்டைப் பையின் மேலேயே வையுங்கள். குளிர்காலத்தில் வௌவால்கள் தூங்குவதற்காக அதை மூடிவிடுவார்கள். மேயில் கவலை இல்லை. இந்தப் பாதையை மூன்று நாளில் நிதானமாக முடித்துவிடலாம். கால் இன்னும் கேட்டால் திஜோனுக்குப் போய் பர்கண்டி கால்வாயைப் பிடிக்கலாம். 242 கி.மீ.க்கு 189 லாக்குகள். பூயி-ஆன்-ஒசுவா என்ற இடத்தில் கால்வாய் 3,333 மீட்டர் மலைக்குள் புகுந்து மறைந்துவிடும். உள்ளே கரைப்பாதை கிடையாது, சைக்கிள் மேட்டின் மேல் போகும். தனியாகப் போகிறவர்களுக்கு ஒசேரிலிருந்து தெற்கே போகும் நிவெர்னே கால்வாயும் ரொம்பப் பிடிக்கும். எனக்குக் கேட்டால் பர்கண்டி கால்வாயைவிட அதுதான் அழகு: கால்வாய் பல இடங்களில் ஆற்றோடு கலந்து பிரிந்து வளைந்து போவதால் அந்த நேர்க்கோட்டு அலுப்பு இல்லை.

மலை பார்க்க ஆசை, ஆனால் மலை ஏற மனமில்லை என்பவர்களுக்கு இரண்டு பழைய ரயில் பாதைகள். ஒன்று ஆர்தெஷ் மாவட்டத்தில் தோல்சே வியா. 1968-இல் நின்றுபோன குறுகிய ரயிலின் தடம், எய்ரியூ ஆற்றுப் பள்ளத்தாக்கில் கஷ்கொட்டைக் காடுகளுக்கு நடுவே ஏறும். மூன்று சதவீதம் என்பது சின்ன எண்தான், ஆனால் நாள் முழுக்க ஏறினால் பெரிய எண். மேலே வண்டியில் போய்க் கீழே ஓட்டி வரும் ஏற்பாடு உள்ளூரில் கிடைக்கும். இன்னொன்று மசாமேவுக்கும் பெதாரியூவுக்கும் நடுவே, 75 கி.மீ.க்கு மேல் நீளும் பாசா பயிஸ். நடுவழியில் ஒரு சுரங்கம். அதன் ஒரு பக்கத்து மழை அட்லாண்டிக்குக்குப் போகும், மறுபக்கத்து மழை மத்தியதரைக் கடலுக்கு. ஒரு பக்கம் ஈரமான பீச் மரக் காடு, வெளியே வந்தால் திராட்சை, செர்ரி, வெயில். தரை நுண்சரளை, மெல்லிய டயர் சரிவராது.

பிரான்சின் வடமேற்கே பிரிட்டனி வட்டாரத்தில் நாந்த்–ப்ரெஸ்ட் கால்வாய், 364 கி.மீ. ஆங்கிலேயக் கப்பல்கள் கடலை அடைத்துக்கொண்டதால் உள்நாட்டு வழியாகவே துறைமுகங்களை இணைக்க நெப்போலியன் காலத்தில் தொடங்கியது. மழை அதிகம் உள்ள ஊர், தரை இறுகிய மண். இரண்டு நாள் மழை பெய்தால் சக்கரத்தில் ஒட்டும். வடகிழக்கே ஷார்ல்வில்லிலிருந்து பெல்ஜிய எல்லையில் ஜிவே வரை மேஸ் ஆற்றோடு வளைந்து போகும் பாதை சுமார் 85 கி.மீ., முழுக்கத் தார், பக்கத்திலேயே ரயில். வாரம் முழுக்கக் கிடைக்காமல் மூன்று நாள்தான் கிடைத்தது என்றால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள்.

பாரிசில் உறவினர் வீட்டில் இருக்கும்போதே ஒரு நாள் ஒத்திகை பாருங்கள். தமிழ்க் கடைகள் உள்ள லாச்சப்பல் பகுதியிலிருந்து கொஞ்ச தூரத்தில் வில்லெத் நீர்த்தேக்கம். 'ஊர்க்' (Ourcq) என்ற கால்வாய் அங்கிருந்துதான் கிழக்கே போகிறது. கரையில் சைக்கிள் பாதை கிட்டத்தட்ட 28 கி.மீ., க்ளே-சூயி வரை. தொடக்கத்தில் நகரக் கூட்டம், பிறகு மரநிழல். செவ்ரான் பக்கத்தில் புறநகர் ரயில் இருப்பதால் பாதியில் திரும்பலாம். பையை மாட்டி ஓட்டினால் மகளுக்கு எத்தனை கிலோமீட்டரில் அலுக்கிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

சைக்கிளை ஊரிலிருந்து கொண்டுவராதீர்கள், வாடகைக்கு எடுங்கள். போர்தோவில் எடுத்துத் துலூசில் விடும் வசதி கொடுக்கும் கடைகள் உண்டு. குழந்தை அளவு சைக்கிளை முன்கூட்டியே கேட்டு எழுதிவாங்குங்கள், அதுதான் கிடைக்காமல் போகும். டயர் 35 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். பாரிசிலிருந்து போர்தோவுக்கு அதிவேக ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். முழு சைக்கிளை ஏற்ற அந்த ரயில்களில் ஒரு சில இடங்களே இருக்கும், எல்லா வண்டியிலும் கிடையாது. அந்த ரோதனையே வேண்டாம் என்பதற்காகத்தான் வாடகை. வட்டார ரயில்களில் பொதுவாக இலவசமாக ஏற்றலாம், சில வட்டாரங்களில் கோடையில் முன்பதிவு கேட்பார்கள்.

தங்குவதற்கு 'அக்கேய் வெலோ' என்ற பச்சைச் சின்னம் உள்ள இடங்களைத் தேடுங்கள். பாதையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும் பழுது பார்க்கும் கருவியும் வைத்திருக்க வேண்டும் என்பது அந்தச் சின்னத்துக்கான நிபந்தனை. ஊராட்சி நடத்தும் கூடார மைதானங்கள் மலிவு.

சாப்பாடு விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. கிராமங்களில் கடைகள் ஞாயிறு மதியத்துக்குப் பிறகும் திங்கட்கிழமையும் பல ஊர்களில் மூடியிருக்கும். உணவகங்களில் மதியச் சாப்பாடு 12-லிருந்து 2 வரைதான். இரண்டரைக்குப் போய் நின்றால் சிரித்துக்கொண்டே கையை விரிப்பார்கள். இரண்டாவது, சைவம். தென்மேற்குப் பகுதி வாத்துக் கறி நாடு. 'சாலட்' என்று போட்டிருக்கிறதே என்று நம்பி வாங்கினால் மேலே வாத்தின் இரைப்பைத் துண்டுகள் கிடக்கும். முட்டை சாப்பிடுவார் என்றால் ஆம்லெட்டும் பொரித்த உருளைக்கிழங்கும் எங்கும் கிடைக்கும். முட்டையும் கூடாது என்றால் சமையலறை உள்ள தங்குமிடமாகப் பார்த்து எடுங்கள். காலைச் சந்தையில் காய்கறி, பாலாடைக்கட்டி, பழம் வாங்கலாம். கொஞ்சம் சாம்பார்ப் பொடியும் ரசப் பொடியும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

தண்ணீர் தீர்ந்தால் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பூச்செடிக்கு ஊற்றப் பெரும்பாலான கல்லறைத் தோட்டங்களில் குழாய் இருக்கும். குடிக்கக் கூடாது என்ற பலகை இல்லாவிட்டால் அது பெரும்பாலும் ஊர்க் குடிநீர்தான். சைக்கிள்காரர்கள் எல்லோரும் செய்வதே.

சட்டம்: 12 வயதுக்குக் கீழே தலைக்கவசம் கட்டாயம், மகளுக்கு அது பொருந்தும். காதில் இயர்போன் கூடாது, மணி இருக்க வேண்டும். பசுமைவழி சாலையைக் குறுக்கே கடக்கும் இடங்களில் பெரும்பாலும் சாலைக்குத்தான் முன்னுரிமை, நீங்கள்தான் நிற்க வேண்டும். ஒரு மணி நேரம் கார் இல்லாமல் ஓட்டிய குழந்தைக்கு அந்த இடத்தில் கவனம் இருக்காது. கார் இல்லாத பாதையின் உண்மையான ஆபத்து அந்தக் கடவைகள்தான். ஒவ்வொன்றிலும் காலை ஊன்றி நிற்பது என்று முதல் நாளே பழக்கிவிடுங்கள். மோட்டார் பைக் நுழையாமலிருக்க வாயிலில் குறுக்குக் கம்பி வைத்திருப்பார்கள். பக்கப் பைகள் மாட்டிய சைக்கிளைக் கொஞ்சம் சாய்த்து நுழைக்க வேண்டிவரும்.

இன்னொன்று, இது என் சொந்தக் கருத்து. 'சாலையே வேண்டாம்' என்ற நிபந்தனையை மூன்றாவது நாளுக்குப் பிறகு கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். மிஷெலின் வரைபடத்தில் வெள்ளையாகக் காட்டும் மெல்லிய சாலைகளில் காலை நேரத்தில் ஒரு டிராக்டரும் தபால் வண்டியும் வந்தால் அதிகம். ரயிலும் கால்வாயும் பள்ளத்தோடு போகிறவை. பழைய ஊர்கள் மேட்டில். பாதையைவிட்டு இறங்காமல் போனால் வாரம் முழுக்கத் தண்ணீரையும் மரத்தையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். கரோன் பாதையில் மெய்யான் ஊர் வரும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டாவது மேலே ஏறுங்கள். ஆறும் கால்வாயும் அடுத்தடுத்துப் போவது அங்கிருந்து தெரியும்.

மே மாதத்தில் ஒரு சிக்கல் உண்டு. 1-ஆம் தேதி, 8-ஆம் தேதி, இயேசு விண்ணேறிய நாளான அசென்ஷன் வியாழன் என்று விடுமுறைகள் அடுக்கடுக்காக வரும். பெந்தகோஸ்து திங்களும் சில ஆண்டுகளில் மேயிலேயே விழும். வியாழனில் விடுமுறை வந்தால் வெள்ளியையும் சேர்த்து நான்கு நாள் நாடே கிளம்பிவிடும். நீங்கள் வரும் ஆண்டில் அசென்ஷன் எந்தத் தேதி என்று முதலில் பாருங்கள். அந்த நான்கு நாளுக்கு அறையையும் சைக்கிளையும் இரண்டு மாதம் முன்பே பதிவு செய்துவிடுங்கள். மற்ற நாட்களுக்கு முந்தின நாள் போன் செய்தால் போதும்.